கடல் கடந்து வந்த குடும்பத்தின் வரலாற்றைக் கதையாக்குதல்: ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூரில் மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இங்கு எப்படி வந்து சேர்ந்தார் என்ற கதை பேசப்படாத வீடு அரிது. எந்த ஊரிலிருந்து புறப்பட்டார், யார் அழைத்து வந்தார், எந்தக் கப்பல், முதல் சம்பளம் எத்தனை வெள்ளி, ஜப்பானியர் காலத்தில் எதைத் தின்று உயிர் பிழைத்தார் என்பவையெல்லாம் தீபாவளிக்கும் திவசத்துக்கும் கூடும் உறவினர்களிடையே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, ஏறத்தாழ ஒரே சொற்களில் நிலைபெற்றுவிட்டவை. எழுத்தில் நாட்டமுள்ள பேரப்பிள்ளைகளுக்கு அவற்றைச் சிறுகதையாகவோ நாவலாகவோ எழுத வேண்டும் என்ற விருப்பம் இயல்பாகவே எழுகிறது. ஆனால் எழுதிப் பார்த்தவர்களில் பலர், காதால் கேட்டபோது அத்தனை உயிரோடு இருந்த கதை தாளில் வெறும் விவரத் தொகுப்பாகக் கிடப்பதைக் கண்டு சோர்ந்துபோகிறார்கள். ஏன் அப்படி ஆகிறது என்பதையும், குடும்ப வரலாறு புனைவாக மாறும்போது என்ன நடக்கிறது என்பதையும், இதுவரை ஒரு கதையும் எழுதியிராதவர்களுக்குப் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். குடும்ப வரலாறு என்பது நடந்தவற்றைக் கால வரிசையில் சொல்வது. அதில் பிறப்பு, பயணம், வேலை, திருமணம், வீடு, இறப்பு எல்லாம் அதனதன் இடத்தில் வருகின்றன. புனைவுக்கு அந்த வரிசை போதாது. ஒரு குறிப்பிட்ட மனிதர், ஒரு குறிப்பிட்ட சூழலில், ஒன்றை விரும்புகிறார்; அதை அடைய வேண்டுமானால் வேறொன்றை இழக்க நேர்கிறது; அந்த நெருக்கடியில் அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை. வரலாறு “தாத்தா 1937-இல் வந்தார்” என்று சொல்லும். கதையோ, வருவதா வேண்டாமா என்று அவர் தடுமாறிய அந்த ஓர் இரவைக் கேட்கும். குடும்பத்தில் யாரும் அந்த இரவைப் பார்த்ததில்லை, பார்த்தவரும் சொன்னதில்லை. ஆகவே எழுதுபவர் அதைக் கற்பனையால்தான் கட்டியெழுப்ப வேண்டும்.

இதில் தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. நம் வீடுகளில் சொல்லப்படும் வந்த கதை, ஏற்கெனவே ஒரு நோக்கத்தோடு செதுக்கப்பட்ட கதை. பிள்ளைகள் படிக்க வேண்டும், பெரியவர்களின் உழைப்பை மறக்கக்கூடாது, குடும்பம் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது அது. அந்த நோக்கம் மதிப்புக்குரியது. ஆனால் அதற்குப் பயன்படாத எல்லாமே வழியில் உதிர்ந்துவிடுகின்றன: கடன், பயம், சாதி, பொறாமை, ஊரில் விட்டுவந்த பெண், திரும்பிப் போகாத மகன். பெருமையோடு சொல்லப்படும் பகுதியில் எழுதுபவர் செய்வதற்கு வேலை அதிகமில்லை, ஏனெனில் அங்கே கேள்விகள் எல்லாம் முடிந்துவிட்டன. பேச்சு திடீரென்று சில ஆண்டுகளைத் தாண்டிச் செல்லும் இடமே கதைக்கான இடம் என்பது என் உறுதியான கருத்து. இக்கட்டுரையில் நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இதைச் சார்ந்தவைதான்.

ஒவ்வொரு பயண வழிக்கும் அதனதன் மௌனம்

சிங்கப்பூருக்குத் தமிழர் வந்த வழி ஒன்றல்ல. 1819-இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கிய ஆண்டிலேயே பினாங்கிலிருந்து நாராயண பிள்ளை வந்தார். 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் தோன்றியதற்கு அவரே காரணமானவர். 1825 முதல் இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டு, சாலைகளையும் தேவாலயத்தையும் ஆளுநர் மாளிகையையும் கட்டினார்கள். செட்டியார்கள் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (தொழிலிடமும் தங்குமிடமும் ஒன்றான கூடங்களில்) பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து வட்டித் தொழில் நடத்தினார்கள். நாகூர், காரைக்கால் பக்கமிருந்து மரக்கலத்தில் வந்த முஸ்லிம் வணிகர்கள் தெலுக் ஆயர் வீதியில் தர்கா எழுப்பினார்கள். கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வேரூன்றின. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்தவர்கள் எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்தார்கள். தஞ்சை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் பக்கத்து உழைப்பாளிகள் துறைமுகத்திலும், நகராட்சியிலும், செம்பவாங் கடற்படைத் தளத்திலும், இரப்பர்த் தோட்டங்களிலும் வேலை செய்தார்கள். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுப்பது 1910-இல் முடிவுக்கு வந்த பிறகும், கங்காணி முறை, அதாவது தோட்டத்து மேற்பார்வையாளரே தன் ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டி வரும் முறை, 1938 வரை நீடித்தது.

இந்த வழிகளை அறிந்துகொள்வது வெறும் தகவலுக்காக அன்று. ஒவ்வொரு வழியும் குடும்பத்தின் பேச்சில் வேறுவேறு வகையான மௌனத்தை விட்டுச் சென்றிருக்கிறது. கங்காணி மூலம் வந்தவர்களின் வீட்டில் முன்பணமும் கடனும் பேசப்படாது. கப்பல் செலவை யார் கட்டினார் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். கிட்டங்கிக் காலத்துச் செட்டியார் குடும்பங்களில் ஆண்களின் கணக்கு வழக்குகள் துல்லியமாக நினைவில் இருக்கும். ஆனால் அவர்கள் மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்பும்வரை காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் மனைவியர் எப்படி நாளைக் கடத்தினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த பல குடும்பங்கள் ஊர்ப் பெயரைக்கூடப் பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும், ஏனெனில் ஊரையும் தெருவையும் சொன்னால் சாதி தெரிந்துவிடும். போர்க்காலத்துக்கு முன்னும் பின்னும் சீனக் குடும்பங்களிலிருந்து பெண்குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த தமிழ் வீடுகள் இங்கும் மலாயாவிலும் இருந்தன. அப்படி வளர்ந்து பாட்டியானவர் பூவும் பொட்டுமாகப் படத்தில் புன்னகைத்துக்கொண்டிருப்பார், அவரைப் பெற்ற வீட்டைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. உங்கள் குடும்பம் எந்த வழியாக வந்தது என்று தெரிந்தால், எந்த இடத்தில் காது கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த வேலாயுதம், 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்து, துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் சேர்கிறார். 1940-இல் ஊருக்குப் போய்ச் செல்லம்மாளை மணந்து, சில மாதங்களில் திரும்பிவிடுகிறார். அப்போது அவள் கருவுற்றிருக்கிறாள். பிறகு போர் வருகிறது. 1952-இல் மனைவியையும் மகனையும் இங்கே அழைத்து வருகிறார். பேரப்பிள்ளைகளிடம் சொல்லப்படும் கதை இப்படி முடியும்: “தாத்தா மரவள்ளிக்கிழங்கு தின்றே மூன்றரை வருஷம் உயிர் பிழைத்தார், அப்புறம் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.”

இந்தக் கதையை எழுத விரும்பும் பேத்தி இயல்பாகவே தாத்தாவின் மரவள்ளிக்கிழங்கில் தொடங்குவாள். ஜப்பானியர் சாலை முனைகளில் நிறுத்திக் கன்னத்தில் அறைந்தது, வாழைமரம் அச்சிட்ட பணத்தாள் செல்லாக் காசானது, 1943 ஜூலையில் பாடாங் திடலில் நேதாஜியைக் காணத் திரண்ட கூட்டம், மலாயாத் தோட்டங்களிலிருந்து, ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத பல்லாயிரம் தமிழர்கள் என்று எழுத ஏராளம் இருக்கிறது. எழுதலாம், தவறில்லை. ஆனால் அவை பலரும் பல முறை சொன்னவை, தாத்தாவும் தன் பங்குக்குச் சொல்லி முடித்தவை. அந்த மூன்றரை ஆண்டுகளுக்கு இன்னொரு கரையும் இருந்தது. சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்தியாவுடனான கப்பலும் வழக்கமான அஞ்சலும் நின்றுபோயின. மன்னார்குடிப் பக்கத்தில், கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாது. மணியார்டர் வராது, பர்மா அரிசி வராததால் சென்னை மாகாணத்தில் உணவுத் தட்டுப்பாடு, அவள் கழுத்தில் தாலி இருக்கிறது, அதற்குப் பொருள் இருக்கிறதா என்று ஊர் பேசுகிறது. சிங்கப்பூர்க் குடும்பத்தின் கதையில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை, ஏனெனில் சிங்கப்பூர்க் கதை எப்போதும் கப்பலிலிருந்து இறங்கியவரிடமிருந்தே தொடங்குகிறது. கப்பல் ஏறாமல் நின்றவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

சரி, அந்த இடைவெளியைக் கண்டுகொண்டோம். அதை எப்படி எழுதுவது? முதல் முயற்சியில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. கடிதப் போக்குவரத்து நின்றது. செல்லம்மாள் கணவனைப் பற்றிய செய்தி ஏதுமின்றி, மிகுந்த துயரத்துடன் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தாள்.”

இதில் பிழையான செய்தி எதுவும் இல்லை. ஆனால் மூன்றரை ஆண்டுகள் மூன்று வரியில் ஓடிவிட்டன. துயரம் என்ற சொல்லை வாசகர் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே காலத்திலிருந்து ஒரே ஒரு நாளைப் பிரித்தெடுத்து எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

“மேலத்தெருவுக்கு ரங்கூனிலிருந்து ஒருவர் நடந்தே வந்து சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், செல்லம்மாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று மாமியார் கேட்கவில்லை. திண்ணையில் படுத்திருந்தவரின் பாதங்களில் துணி சுற்றியிருந்தது. அவரைச் சுற்றி ஏற்கெனவே நாலைந்து பெண்கள் நின்றார்கள். தன் முறை வரும்வரை அவள் தூணோரமாக ஒதுங்கி நின்றாள்.

‘அண்ணே, சிங்கப்பூர்லேருந்து யாராச்சும் உங்ககூட வந்தாங்களா?’

‘சிங்கப்பூரா? அது எங்கியோ கெடக்கு தங்கச்சி. நடந்து வர்ற தூரமா அது?’

‘தஞ்சோங் பகார்னு ஒரு எடம். கப்பல்ல சாமான் எறக்குற எடம்.’

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்றவள் செல்லம்மாளின் கழுத்தைப் பார்த்தாள். செல்லம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். வீடு திரும்பியதும் மாமியாரிடம், ‘நல்லா இருக்காங்களாம்’ என்றாள்.”

இந்தச் சிறு பகுதியில் எது வரலாறு, எது புனைவு என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. 1942-இல் பர்மாவிலிருந்து இந்தியர்கள் இலட்சக்கணக்கில் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினார்கள் என்பது வரலாறு. அவர்களில் தமிழர் கணிசமானவர்கள். தஞ்சோங் பகார் என்ற பெயர் கடித உறையிலிருந்து அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பது பொருத்தமான ஊகம். அவள் மாமியாரிடம் சொன்ன பொய் முழுக்க முழுக்கப் புனைவு. எந்த ஆவணத்திலும் அது இருக்க முடியாது. ஆயினும் கதை தொடங்குவது அந்தப் பொய்யில்தான். அவளுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் வேண்டும். கணவன் உயிரோடு இருக்கும்வரைதான் அந்த இடம். ஒரு முறை பொய் சொன்னவள் அடுத்த மாதமும் ஏதாவது சொல்லியாக வேண்டும். மாமியார் அதை நம்பினாளா, நம்பியதுபோல் நடந்துகொண்டாளா என்பது அடுத்த கேள்வி. 1945-க்குப் பிறகு கடிதம் வந்தபோது அந்தப் பொய் என்னவாயிற்று என்பது அதற்கும் அடுத்தது. ஒரு மனிதரின் விருப்பத்தைக் கண்டுபிடித்துவிட்டால், நிகழ்ச்சிகள் அதன் பின்னால் தாமாகவே வரிசை கட்டும்.

கற்பனைக்கு எல்லை எங்கே

“அப்படியானால் எதை வேண்டுமானாலும் இட்டுக்கட்டலாமா?” என்ற கேள்வி இங்கே எழும். நான் பின்பற்றும் விதி எளிமையானது: காலமும் இடமும் பொதுவானவை, அவற்றை மாற்ற எனக்கு உரிமை இல்லை, மனிதரின் உள்ளம் என் பாத்திரத்துக்குரியது, அங்கே எனக்கு முழு உரிமை உண்டு. 1942 பிப்ரவரி 15 சீனப் புத்தாண்டின் முதல் நாள். அன்றுதான் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அந்த நாளை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் என் கதை வசதியாக முடியும் என்பதற்காக அதை மாற்ற முடியாது. ஆனால் அன்று வேலாயுதம் பயந்தாரா, வெள்ளைக்காரன் தோற்றதில் உள்ளூர மகிழ்ந்தாரா என்பதை நான் முடிவு செய்யலாம்.

காலப் பிழைகள் கதையின்மீது வாசகர் வைத்த நம்பிக்கையை உடனே குலைத்துவிடும், அதிலும் அந்தக் காலத்தில் வாழ்ந்த மூத்தோர் இன்னும் வாசகர்களாக இருக்கும் சிறிய சமூகத்தில் அவை தப்பவே முடியாது. சிங்கப்பூருக்கென்று தனி நாணயம் 1967-இல்தான் வந்தது. அதற்கு முந்திய கதையில் ‘சிங்கப்பூர் வெள்ளி’ என்று எழுதாமல் ‘வெள்ளி’ என்று மட்டும் எழுதினால் போதும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் உருவானது; 1955-இல் ஒருவரைக் கழக வீட்டில் குடியேற்ற முடியாது. தொலைக்காட்சி 1963-இல் வந்தது. கிள்ளான் துறைமுகம் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றே அழைக்கப்பட்டது. தேக்கா சந்தை இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது 1980-களின் தொடக்கத்தில். அதற்கு முன் அது சாலைக்கு எதிர்ப்புறத்தில் இருந்தது. ரஜூலா 1926-இல் கட்டப்பட்ட கப்பல், 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. ஆகவே 1920-க்கு முன் வந்த கொள்ளுத்தாத்தாவை அதில் ஏற்றிவிடக் கூடாது, குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாலும். ஜப்பானியர் ஆட்சியில் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டன, அதாவது ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. இந்தக் கடைசித் தகவல் வெறும் எச்சரிக்கையாக நின்றுவிட வேண்டியதில்லை. துறைமுக வேலைக்கு ஆறு மணிக்குப் போகிறவர் உண்மையில் நாலரை மணி இருட்டில் நடக்கிறார் என்பதை உணர்ந்த எழுத்தாளருக்கு ஒரு காட்சி கிடைத்துவிட்டது. விவரம் அப்படித்தான் கதைக்குள் வர வேண்டும்: ஒருவரின் உடம்பைத் தொட்டுக்கொண்டு வர வேண்டும், ஆசிரியரின் அறிவைக் காட்டிக்கொள்ள வரக்கூடாது.

சட்டங்களும் அவ்வாறே. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, வெளியிலிருந்து வருவது கடினமாயிற்று. நம் எடுத்துக்காட்டில் வேலாயுதம் 1952-இல் குடும்பத்தை அழைத்து வந்தார் என்பது வீட்டுப் பேச்சில் வெறும் ஆண்டு. கதையில் அதுவே ஒரு நெருக்கடியாகிறது: இப்போது அழைக்காவிட்டால் இனி முடியாமல் போகலாம் என்று துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள், ஊரிலோ மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறாள். செல்லம்மாள் கப்பல் ஏறுவாளா?

கேட்பதும் தேடுவதும்

உறவினர்களிடம் பேசும்போது “என்ன நடந்தது?” என்று கேட்டால், பலமுறை சொன்ன அதே கதைதான் திரும்ப வரும். சிறிய, கையால் தொடக்கூடிய பொருள்களைப் பற்றிக் கேட்பது நல்லது. குவாட்டர்ஸில் (தொழிலாளர் குடியிருப்பில்) அடுப்பு எங்கே இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, இரவில் யார் எங்கே படுத்தார்கள், சம்பள நாளில் கடன்காரர் யார் யார் வாசலில் நின்றார்கள், ஊருக்குப் போகும் பெட்டியில் என்னென்ன வைக்கப்பட்டன என்று கேளுங்கள். பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் தாமறியாமலே மனிதரைப் பற்றிப் பேசிவிடுவார். ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பெரிய அத்தை ஒன்று சொல்வார், சின்னத் தாத்தா அதற்கு நேர்மாறாகச் சொல்வார். வரலாற்றாசிரியர் இருவரில் யார் சொல்வது சரி என்று தீர்மானித்தாக வேண்டும். கதையாசிரியருக்கு அந்த அவசரம் இல்லை. ஏன் ஒருவர் அப்படி நினைவு வைத்துக்கொள்ள விரும்பினார் என்பதே அவருக்குப் பெரிய கொடை. கேட்கும்போது அனுமதி பெற்றுக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். மூத்தோர் அழத் தொடங்கினால் கேள்வியை விட்டுவிடுங்கள். கதைக்காக யாரையும் மீண்டும் ஒருமுறை நோகடிக்க வேண்டியதில்லை.

குடும்பத்துக்கு வெளியே தேடவும் இங்கே வசதி நிறைய உண்டு, இதில் சிங்கப்பூர் எழுத்தாளர்கள் பேறு பெற்றவர்கள் என்றே சொல்வேன். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் பழைய இதழ்களையும், கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் வாசிக்கலாம். கப்பல் வருகைகள், அரிசி விலை, வேலைநிறுத்தம், கோயில் திருவிழா, தொலைந்துபோனவரைத் தேடும் விளம்பரம் எல்லாம் அங்கே இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின்கீழ் 1979 முதல் இயங்கிவரும் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, சாதாரண மக்களின் நேர்காணல்களைத் தமிழிலும் பதிவு செய்து வைத்திருக்கிறது. உங்கள் தாத்தா வேலை செய்த அதே துறைமுகத்தில் வேலை செய்த வேறொருவரின் குரலைக் கேட்பது, உங்கள் தாத்தாவின் குரலைப் பெறுவதற்கு மிக அருகில் வரும் வழி. கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் அக்காலப் பொருள்களை நேரில் பார்க்கலாம். வீட்டு அலமாரியையும் மறக்க வேண்டாம்: 1948-இல் நெருக்கடிகாலச் சட்டத்தின்கீழ் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட அடையாள அட்டை, 1957-க்குப் பிந்திய குடியுரிமைச் சான்றிதழ், பழைய கடப்பிதழ், மணியார்டர் இரசீது, ஸ்டூடியோவில் எடுத்த படம் ஆகியவற்றில் பெயரும் பிறந்த ஆண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுவதைப் பல குடும்பங்கள் காணும். அந்த முரணையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் குரலில் சொல்வது என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேரப்பிள்ளை ‘நான்’ என்று தொடங்கித் தாத்தாவைப் பற்றிச் சொல்லும் முறை எளிதாகத் தோன்றும். ஆனால் அதில் பேரப்பிள்ளையின் உருக்கமே முன்னால் வந்து நின்று, தாத்தா பின்னால் தள்ளப்பட்டுவிடுவார். முதல் கதைக்குப் படர்க்கையில், ஒரே ஒருவரின் கண் வழியாக, அவருக்கு அன்று தெரிந்ததை மட்டும் சொல்லி எழுதிப் பாருங்கள். 1942-இல் நிற்கும் செல்லம்மாளுக்குப் போர் 1945-இல் முடியும் என்று தெரியாது. எழுதுபவரும் அதைத் தெரியாதவர்போல் எழுத வேண்டும். உரையாடலில் அவரவர் வட்டாரப் பேச்சைத் தாராளமாகக் கையாளலாம். துறைமுகத்தில் தவுக்கேயோடு (சீன முதலாளியோடு) பேச்சு உடைந்த மலாயில்தான் நடந்திருக்கும். அதை ஓரிரு சொற்களில் உணர்த்தினால் போதும்.

உயிரோடு இருப்பவர்கள்

எழுத்து நுட்பத்தைவிடக் கடினமான பகுதி இதுதான், இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். மௌனத்தில் கதை இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் மௌனம் காத்தவர்களுக்கு அதற்கான காரணம் இருந்தது. இங்கே ஒரு குடும்பம், ஊரில் ஒரு குடும்பம் என்று வாழ்ந்த தாத்தாவின் கதையை எழுதினால், அதைப் படிக்கப்போகும் அவருடைய எண்பது வயது மகள் இருக்கிறார். தத்தெடுக்கப்பட்டதை இதுவரை அறியாத ஒருவர் இருக்கலாம். சாதியைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே வளர்த்த பெற்றோர் இருக்கிறார்கள், அவர்கள் அந்த முடிவை அன்பினால் எடுத்தார்கள். நம் சமூகம் சிறியது. பெயரை மாற்றினாலும் தொழிலையும் கோயிலையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே பெயரோடு சேர்த்து ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் மாற்றுங்கள். இரண்டு உறவினர்களை ஒரே பாத்திரமாக இணையுங்கள். தேவையானால் ஆணின் அனுபவத்தைப் பெண்ணுக்குக் கொடுங்கள். இப்படிச் செய்யும்போது மறைப்பதற்காகச் செய்த மாற்றமே பாத்திரத்துக்குத் தனி உயிர் கொடுப்பதைப் பார்ப்பீர்கள், ஏனெனில் அதன்பின் அவர் உங்கள் தாத்தாவாக நடந்துகொள்ள வேண்டிய கட்டாயம் நீங்கிவிடுகிறது.

எழுதும்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அச்சுக்குக் கொடுக்கும் முன் உரியவரிடம் கட்டாயம் சொல்லுங்கள் என்பது என் ஆலோசனை. கேட்டுவிட்டு எழுதினால் பேனா நகராது. சொல்லாமல் வெளியிட்டால் உறவு முறியும். உயிரோடு இருக்கும் ஒருவரின் வாழ்வு கதையால் உண்மையிலேயே குலையும் என்றால், அந்தக் கதையை எழுதி முடித்துப் பெட்டியில் வைத்துவிடுவதே சரி. இறந்தவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. மறுத்துப் பேச முடியாதவரைக் கொடியவராக மட்டும் வரையும்போது, அவர் எதற்குப் பயந்தார் என்பதையும் எழுதியிருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் நடக்கிறது. நன்றாக எழுதப்பட்ட கதை, சில ஆண்டுகளில் குடும்பத்தின் நினைவையே மாற்றிவிடுகிறது. செல்லம்மாள் மாமியாரிடம் பொய் சொன்னாள் என்பதை நீங்கள் கற்பனை செய்தீர்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் பாட்டி செய்ததாகவே நம்பி, அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அதனால் பதிவு செய்த நேர்காணல்களையும் ஆவண நகல்களையும் கதையோடு கலக்காமல் தனியாகப் பாதுகாத்து வையுங்கள். யார் எப்போது சொன்னது என்ற குறிப்புடன் ஒரு நோட்டில் உறுதியான செய்திகளை ஒரு பக்கமும், கதைக்காக நீங்கள் சேர்த்தவற்றை எதிர்ப்பக்கமும் எழுதிவிடுங்கள். அந்த நோட்டின் படி ஒன்று குடும்பத்தில் இளைய தலைமுறையைச் சேர்ந்த ஒருவரிடமாவது இருக்கட்டும்.